மாதச் சந்தாவும் மாலைப் பொழுதும்



முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளியில் பணியாற்றி, அவற்றுள் கடைசிப் பதினோர் ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு மணியடித்துத் தொடங்கும் வகுப்பு இல்லை; ஆனால் பேசும் பழக்கம் மட்டும் அவனை விட்டுப் போவதில்லை. அதைப் பொறுத்துக்கொண்டு வானொலி நிலையத்தார் எனக்குக் கால்மணி நேரம் அளித்திருக்கிறார்கள். இணையத்தின் வழியே திரைப்படங்களையும் தொடர்களையும் நம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்து சேர்க்கும் ஓ.டி.டி. தளங்களைப் பற்றி இன்று பேசலாம் என்று எண்ணுகிறேன். அவற்றுக்கு நாம் என்ன கொடுக்கிறோம், அவற்றிலிருந்து என்ன பெறுகிறோம் என்பதே பேச்சின் பொருள்.

சென்ற கோடை விடுமுறையில் ஓர் இரவு உணவு முடிந்து, வீட்டார் ஐவரும் கூடத்தில் அமர்ந்தோம். நான், என் மனைவி, மகன், மருமகள், பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதி முடித்திருந்த பேத்தி ஆகியோரே அந்த ஐவர். எல்லாரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது என்பது ஏற்பாடு. மகன் ரிமோட்டைக் கையில் எடுத்தான். திரையில் படங்களின் முகப்புகள் வரிசை வரிசையாக நகர்ந்தன. ஒருவர் விரும்பியதை மற்றவர் விரும்பவில்லை. ஒரு தளத்திலிருந்து மற்றொரு தளத்திற்குப் போனோம். அங்கிருந்து மூன்றாவதற்குப் போனோம். சில படங்களின் முன்னோட்டங்களை மட்டும் பார்த்தோம். சுவர்க் கடிகாரம் ஒன்பதே முக்கால் காட்டியபோது என் மனைவி எழுந்து, “நீங்கள் தேர்ந்தெடுத்து முடிப்பதற்குள் விடிந்துவிடும்” என்று சொல்லிவிட்டு உறங்கப் போய்விட்டாள். ஐம்பது நிமிடம் கழிந்திருந்தது. ஒரு படமும் பார்க்கவில்லை. ஆனால் எல்லாரும் களைத்திருந்தோம்.

விருந்துக்குப் போய், நூறு பண்டங்களின் பெயர்களைக் கேட்டு, பசியோடு திரும்பியவனின் நிலை எங்களுடையது.

தலைமையாசிரியனாக இருந்தவனுக்கு வரவு செலவு ஏடு எழுதும் பழக்கம் இருக்கும். மறுநாள் காலையில் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எங்கள் வீட்டில் எத்தனைத் தளங்களுக்குச் சந்தா கட்டுகிறோம் என்று கணக்கெடுத்தேன். எனக்குத் தெரிந்தவை இரண்டு. மகன் சொன்ன பிறகு மூன்றாயிற்று. மருமகள் நான்காவதை நினைவுபடுத்தினாள். ஐந்தாவதை ஒருவருமே நினைவில் வைத்திருக்கவில்லை. வங்கிக் கணக்குத்தான் அதைக் காட்டிக் கொடுத்தது! ஒரே ஒரு கிரிக்கெட் தொடருக்காக என்றோ சேர்ந்த அந்தத் தளத்திற்கு, எங்களைக் கேளாமலே ஆண்டுதோறும் பணம் போய்க்கொண்டிருந்தது. கூட்டிப் பார்த்தேன். ஆண்டுக்கு ஒன்பதாயிரம் ரூபாயைத் தாண்டியது.

பொழுதுபோக்கிற்குப் பணம் கொடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. என் இளமையில் வீட்டில் இருந்த வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் உண்டு. என் தந்தையார் அதை அஞ்சல் நிலையத்தில் செலுத்தி, உரிமப் புத்தகத்தில் முத்திரை பெற்று வருவார். டூரிங் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் அமர்ந்து படம் பார்க்கவும் காசு கொடுத்தோம். கலைஞனும் தொழிலாளியும் பிழைக்க வேண்டுமானால் பார்ப்பவன் விலை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அக்காலத்தில் கொடுப்பது இன்னது, பெறுவது இன்னது என்பது தெளிவாக இருந்தது. இன்று அத்தெளிவு மங்கிவிட்டது. அது எவ்வாறு மங்கியது என்பதை அறிய இத்தொழிலின் வரலாற்றைச் சிறிது பார்க்க வேண்டும்.

1997ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தோன்றியது. முதலில் அது டி.வி.டி. வட்டுகளை அஞ்சலில் அனுப்பி வாடகைக்கு விடும் கடையாகவே இருந்தது. 2007இல் இணையத்தின் வழியாகவே படங்களைக் காட்டத் தொடங்கியது. அப்போது பல நிறுவனங்களின் படங்களும் அந்த ஒரே கடையில் கிடைத்தன. பார்ப்பவருக்கு அது வசதி, கட்டணமும் குறைவு. 2013இல் அது தானே பெருஞ்செலவில் தொடர்களைத் தயாரித்து வெளியிடலாயிற்று. இந்தக் கடையில் கூட்டம் பெருகுவதைக் கண்ட மற்றப் பட நிறுவனங்கள் சும்மா இருக்குமா? தத்தம் படங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, ஒவ்வொன்றும் தனித்தனியே கடை திறந்தன. டிஸ்னி நிறுவனத்தின் தளம் 2019 நவம்பரிலும், எச்.பி.ஓ. மேக்ஸ் 2020 மே மாதத்திலும் தொடங்கப்பெற்றன. ஒரு கடை பல கடைகளாயிற்று. கடைதோறும் நுழைவுக் கட்டணம் தனி.

நம் நாட்டிலும் இதுவே நிகழ்ந்தது. 2015இல் ஹாட்ஸ்டார் வந்தது. 2016இல் நெட்ஃபிளிக்ஸும் அமேசான் பிரைம் வீடியோவும் இங்கே கால் வைத்தன. அடுத்த ஆண்டில் சன் நெக்ஸ்ட், அதற்கடுத்த ஆண்டில் ஜீ5 எனத் தளங்கள் பெருகின. 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்தில் திரையரங்குகள் மூடப்பட்டபோது, ‘பொன்மகள் வந்தாள்’, ‘சூரரைப் போற்று’ முதலிய படங்கள் நேரே இத்தளங்களில் வெளியாயின. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த நமக்கு அவை பெரிய ஆறுதலாக இருந்தன என்பதை மறுத்தால் அது நன்றி கொன்றதாகும்.

வியாபாரி முதலில் வாடிக்கையாளரைச் சேர்ப்பான். பிறகு இலாபத்தைச் சேர்ப்பான். 2021 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவில் தன் கட்டணத்தைக் குறைத்தது. கைப்பேசிக்கான மாதக் கட்டணம் 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாயிற்று. 2023இல் அதே நிறுவனம், ஒரு வீட்டாரின் கடவுச்சொல்லை வேறு வீட்டார் பயன்படுத்துவதைத் தடுத்தது. விளம்பரத் தொல்லை இல்லை என்பதே இத்தளங்களின் முதற்பெருமையாக இருந்தது. பிரைம் வீடியோவோ 2025 ஜூன் மாதத்திலிருந்து இந்தியச் சந்தாதாரர்களுக்கு விளம்பரங்களைக் காட்டலாயிற்று; விளம்பரம் வேண்டாதவர் அதற்கென மேலும் ஒரு கட்டணம் செலுத்த வேண்டும். காட்சிக்காக ஒரு விலை, காட்சியைக் குலைக்காமல் இருப்பதற்காக மற்றொரு விலை! இதில் சட்டமீறல் ஏதும் இல்லை. ஆயினும் விலையின் ஏற்றமும் இறக்கமும் அவர்களுடைய கணக்கைப் பொறுத்தவையே என்பதை நாம் உணர்ந்துகொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றி இவ்வளவு போதும். இனிச் சரக்கின் தரத்திற்கு வருவோம்.

தரத்தைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றே. அது தேர்வு வைப்பது. அந்தக் கோடையில் ஒரு மாத காலத்திற்கு எங்கள் வீட்டில் ஒரு விதி ஏற்படுத்தினேன். யார் எதைப் பார்த்தாலும் அதன் பெயரையும் செலவான நேரத்தையும் நோட்டுப் புத்தகத்தில் எழுதிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பேத்தி தேர்வாளராக அமர்வாள். பார்த்ததன் கதையை ஐந்து வாக்கியங்களில் சொல்ல வேண்டும். அதில் மனத்தில் நின்ற ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சொல்லிவிட்டால் தேர்ச்சி.

மாத இறுதியில் ஏட்டில் இருபத்து மூன்று பெயர்கள் இருந்தன. தேர்ச்சி பெற்றவை ஆறு. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் இந்தத் தலைமையாசிரியர்தான்! உறக்கம் வராத இரவுகளில், பத்துப் பகுதிகள் கொண்ட ஒரு கொலைத் தொடரைத் தனியே அமர்ந்து பார்த்திருந்தேன். ஏறக்குறைய எட்டு மணி நேரம். பேத்தி, “கொலையுண்டவர் யார், தாத்தா?” என்று கேட்டாள். நான் யோசித்தேன். வீட்டின் வாசலில் நின்ற காவல்துறை வண்டி நினைவுக்கு வந்தது. ஓயாமல் பெய்த மழை நினைவுக்கு வந்தது. கொலையுண்டவரின் பெயர் வரவில்லை. ஏன் கொலையுண்டார் என்பதும் வரவில்லை. அவள் சிரிக்கவில்லை. எத்தனையோ மாணவர்களின் ஏடுகளில் நான் எழுதியதைப் போலவே, ‘கவனம் போதாது’ என்று என் பெயருக்கு எதிரே எழுதினாள்.

அன்று எனக்குச் சிறிது வெட்கமாகத்தான் இருந்தது. கவனக் குறைவு என்னுடையது. ஆனால் கவனம் தேவையில்லாதபடி அக்காட்சி அமைக்கப்பட்டிருந்தது என்பதும் உண்மை. இரண்டரை மணி நேரத்தில் சொல்லக்கூடிய கதையை எட்டு மணி நேரத்திற்கு இழுத்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் ஒரு கதவு தட்டப்படும். அல்லது ஒரு தொலைபேசி ஒலிக்கும். யார் என்று அறியும் ஆவலில் நாம் இருக்கும்போதே அடுத்த பகுதி தானாகத் தொடங்கிவிடும். எழுந்து அணைப்பதற்குத்தான் முயற்சி வேண்டும். தொடர்ந்து பார்ப்பதற்கு முயற்சியே வேண்டியதில்லை.

இவ்வாறு நேர்வது ஏன்? திரையரங்கிற்கு வருபவன் ஒரு படத்திற்குச் சீட்டு வாங்குகிறான். படம் நன்றாக இல்லையென்றால் அடுத்தவனை வரவேண்டாம் என்கிறான். சந்தா கட்டுபவன் எந்தப் படத்திற்கும் தனியாக விலை கொடுப்பதில்லை. அவன் சந்தாவை நிறுத்தாமல் இருந்தால் போதும். ஆகவே, நினைவில் நிற்கும் ஒன்றைத் தருவதைக் காட்டிலும், பார்வையாளனை நிறுத்தி வைக்கும் பலவற்றைத் தருவதே வியாபாரத்திற்கு உகந்ததாகிறது. எழுதுபவர்களின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2023 மே மாதத்தில் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். அது 148 நாள்கள் நீடித்தது. இணையத் தொடர்களுக்கு மிகச் சில எழுத்தாளர்களையே மிகக் குறுகிய காலத்திற்கு அமர்த்துகிறார்கள் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. உழவனுக்கு விதைக்கவும் நேரம் கொடாமல், அறுவடையை மட்டும் எதிர்பார்த்தால் விளைச்சல் எப்படியிருக்கும்?

இருப்பினும், எல்லாம் பதர் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது. எங்கள் வீட்டுத் தேர்வில் ஐவரும் முழு மதிப்பெண் பெற்ற காட்சியும் ஒன்று உண்டு. முதுமலையிலுள்ள தெப்பக்காடு முகாமில், தாயை இழந்த யானைக் குட்டிகளை வளர்க்கும் ஒரு தம்பதியரைப் பற்றிய ஆவணப்படம் அது; கார்த்திகி கொன்சால்வெஸ் இயக்கியது. நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2022இல் வெளியாகி, 2023 மார்ச்சில் ஆஸ்கார் விருது பெற்றது. ஏறத்தாழ நாற்பது நிமிடப் படம்தான். என் மனைவி அதில் வரும் யானைக் குட்டியின் பெயரைக்கூட இன்றும் சொல்வாள். நான் பார்த்த எட்டு மணி நேரத்தின் அருகில் இந்த நாற்பது நிமிடத்தை வைத்துப் பாருங்கள். நல்லதும் அங்கே இருக்கிறது. அதைத் தேடி எடுக்கும் வேலையைத்தான் நாம் செய்யாமல் விடுகிறோம்.

இனி, என் மனத்தை மிகவும் வருத்திய செய்தியைச் சொல்கிறேன். என் பதினாறாம் வயதில், என் தந்தையாரோடு டூரிங் கொட்டகையில் பார்த்த ஒரு பழைய தமிழ்ப் படம் அந்தத் தளங்களுள் ஒன்றில் இருந்தது. தேர்வு முடிந்ததும் பேத்திக்கு அதைக் காட்டுவதாக வாக்களித்து, எங்கள் பட்டியலில் சேர்த்து வைத்திருந்தேன். விடுமுறை வந்தது. ஒரு மாலை அவளை அருகில் அமர்த்திக்கொண்டு தேடினேன். படம் இல்லை. உரிமக் காலம் முடிந்ததும் எடுத்துவிட்டார்கள். “நாம்தான் பணம் கட்டியிருக்கிறோமே, தாத்தா, நம் படம் எங்கே போயிற்று?” என்று அவள் கேட்டாள். அதற்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை ஒன்றுதான்: “அது நம் படம் அன்று, அம்மா. நாம் கட்டியது வாடகை.”

அயலார் படத்தை உரிமம் பெற்றுக் காட்டும்போது இவ்வாறு நேர்வது இயல்பே என்று கருதலாம். ஆனால் தாமே தயாரித்தவற்றையும் அகற்றுகிறார்கள். ‘வில்லோ’ என்னும் தொடரை டிஸ்னி நிறுவனம் 2022 நவம்பர் இறுதியில் தன் தளத்தில் வெளியிடத் தொடங்கியது. 2023 மே மாதத்தில், ஆறு மாதம் நிறைவதற்கு முன்பே, செலவைக் குறைக்கும் பொருட்டு வேறு பலவற்றோடு அதையும் அகற்றிவிட்டது. உழைத்த கலைஞர்களின் வேலை, வெளியிட்டவர்களின் கையாலேயே மறைந்தது.

ஒரு கலைப்படைப்பு மறைவது எத்தகைய இழப்பு என்பது தமிழருக்குத் தெரியும். 1931இல் வெளிவந்த ‘காளிதாஸ்’ நம் முதல் தமிழ்ப் பேசும் படம். அதன் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அதற்கு முன் நடராஜ முதலியார் எடுத்த ‘கீசக வதம்’ என்னும் மௌனப் படமும் இல்லை. காப்பவர் இல்லாமல் அவை அழிந்தன. இத்தகைய இழப்புகள் பெருகிய பிறகே 1964இல் புனே நகரில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அமைந்தது. காட்டுபவன் ஒருவன்; காப்பவன் வேறொருவன். காட்டுபவனே காப்பான் என்று நம்பி இருந்துவிடலாகாது.

மாணவர்களே, இவ்விடத்தில் ஒரு பெரியவரை உங்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராக விளங்கி, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானவர் எஸ்.ஆர். அரங்கநாதன். நூலகங்கள் எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதற்கு ஐந்து விதிகளை அவர் வகுத்து, 1931இல் நூலாக வெளியிட்டார். அவற்றுள் நான்காவது விதி, வாசகனின் நேரம் வீணாகாமல் காக்கப்பட வேண்டும் என்பது. ஐந்தாவது, நூலகம் உயிருள்ள பொருளைப் போல வளர்ந்துகொண்டே போவது என்பது. அவருடைய முயற்சியால் 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் இயற்றப்பெற்றது. இந்திய மாகாணங்களில் அதுவே முதன்மையானது. இன்றும் சொத்து வரியோடு சேர்த்து வாங்கும் நூலக வரி நம் ஊர் நூலகங்களைத் தாங்குகிறது.

அந்த இரண்டு விதிகளையும் கொண்டு இத்தளங்களை அளந்து பார்த்தேன். நூலகர், நீங்கள் வேண்டும் நூலை விரைவில் உங்கள் கையில் சேர்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். தளமோ நீங்கள் தங்கியிருக்கும் நேரத்தைக் கொண்டே வாழ்கிறது. நூலகத்தில் நேற்று இருந்த நூல் இன்றும் இருக்கும் என்று நம்பிப் போகலாம். தளத்தில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. சந்தா ஒன்பதாயிரம் ரூபாய் என்று கணக்கிட்டேன் அல்லவா? அக்கணக்கு முழுமையானதன்று. அந்த ஒரு மாதத்தில் வீட்டார் ஐவரும் செலவிட்ட நேரத்தையும் ஏட்டில் கூட்டினோம். நூற்றுப் பதினெட்டு மணி வந்தது. பணத்தை மீண்டும் ஈட்டலாம். உங்கள் பதினாறாம் வயதின் மாலைப் பொழுதுகளை எந்த வங்கி திருப்பித் தரும்? நாம் கொடுக்கும் பெரிய விலை அதுவே.

ஆகவே நாங்கள் என்ன செய்தோம் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். சந்தாக்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம் என்று நான் கோபத்தில் சொன்னேன். பேத்திதான் மறுத்தாள். “ஒரு மாதத்திற்கு ஒரு தளம் போதும், தாத்தா. அதில் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுவோம், அடுத்த மாதம் வேறொன்று” என்றாள். அவள் கணக்கு என் கோபத்தைவிடச் சிறந்ததாக இருந்தது. ஆண்டுச் சந்தாக்கள் முடிய முடிய அவ்வாறே செய்து வருகிறோம்.

நீங்களும் கடைப்பிடிக்கத்தக்க மூன்று பழக்கங்கள் உண்டு. முதலாவது, திரையின் முன் அமர்வதற்கு முன்பே, எதைப் பார்ப்பது என்று முடிவு செய்யுங்கள்; கடைக்குப் போகும்முன் சாமான் பட்டியல் எழுதுவதில்லையா, அதைப் போல. இரண்டாவது, அடுத்த பகுதி தானே தொடங்கும் ஏற்பாட்டை அமைப்பில் நிறுத்தி வையுங்கள். தொடர்வதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள். மூன்றாவது, வீட்டில் என்னென்ன சந்தா தானாகப் புதுப்பிக்கப்படுகிறது என்று பெற்றோருடன் அமர்ந்து பாருங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021 அக்டோபர் முதல், அட்டையிலிருந்து இவ்வாறு தானே பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்னதாகவே அறிவிப்பு வர வேண்டும். அந்த அறிவிப்பைப் படியுங்கள். எங்கள் வீட்டில் ஐந்தாவது சந்தாவுக்கும் அறிவிப்பு வந்துதான் இருந்தது, படிக்காதவர்கள் நாங்களே.

நோட்டுப் புத்தகம் இன்னும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைத் தேர்வும் நடக்கிறது. சென்ற வாரம் நான் பார்த்த படத்தின் கதையை ஐந்து வாக்கியங்களில் சொன்னேன். தேர்வாளர் சிறிது யோசித்து, ‘முன்னேற்றம் தெரிகிறது’ என்று எழுதினார். இந்தப் பேச்சைக் கேட்க நீங்கள் சந்தா எதுவும் கட்டவில்லை. ஆயினும் உங்கள் கால்மணி நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள். அது வீணாகவில்லை என்றால் நான் மகிழ்வேன். நாளைக் காலையில் இதை ஐந்து வாக்கியங்களில் உங்கள் நண்பரிடம் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள்.